டீக் கோப்பை முதலில் ஆடும்

என் பிரியமான எம்டனுக்கு,

அம்மா உன்னைத் திட்டிக்கொண்டிருந்த பேரைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். அந்தப் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிற ஆள் நீ.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன் அண்ணே. நம் ஊர் ஏரி நிரம்பிவிட்டது. கார்த்திகை மழையில் கரை தளும்பிக் கிடக்கிறது. தண்ணீர் வந்ததும் நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் இதை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். நீ யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள். உன்னைப் புகழ்ந்தால் உனக்குக் கூச்சம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கல்லவா தெரியும், உள்ளுக்குள் நீ எப்படி ரசிப்பாய் என்று!

நீ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலை பார்த்தாய். ரெட்டிபாளையம் பக்கத்து வெள்ளைப் பாறையை முப்பது வருடம் பிளந்து சிமெண்ட் ஆலைக்கு அனுப்பினாய். கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் பஸ் ஜன்னல் வழியாக. ஆனால் கடற்போர் என்று வாயெடுத்தால் உன்னை நிறுத்த இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. எந்தக் கப்பல் எந்தக் கடலில் மூழ்கியது, அதில் எத்தனை பீரங்கி, எந்தப் பக்கம் சாய்ந்து போனது என்று சொந்தக்காரன் கதை மாதிரி சொல்வாய்.

எல்லாம் அம்மாவின் வாயால் வந்தது. "எம்டன் மாதிரி திரியிறான் பாரு" என்று அவள் திட்டத் திட்ட, எம்டன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நீ அரியலூர் நூலகத்துக்குப் போனாய். முதல் உலகப் போரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பல் அது என்று படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நன்றி சொன்னாயாமே. "திட்டுனதுக்கு நன்றி சொல்ற ஒரே புள்ள என் புள்ளதான்" என்று அம்மா கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போர்ப் படம் என்றால் உனக்குச் சோறு வேண்டாம். அரியலூரில் என் தையல் கடைக்குள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சுவரில் காடாத் துணி கட்டிப் படம் போடுவோம். நீ, நான், பம்பு செட் மெக்கானிக் செல்வராசு, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையரான மெகருன்னிசா அக்கா. ஆக மொத்தம் நாலு பேர். பார்க்கிறவர்கள் சீட்டு கீட்டு பிடிக்கிறோம் என்றுதான் நினைத்தார்கள்.

அந்தச் சபைக்குச் சட்டம் போட்டவன் நீ. படத்தில் தப்பு கண்டுபிடித்தவர் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். உடனே படம் நிற்கும். ஆனால் அவரவர் கையால் செய்கிற வேலையிலிருந்து தெரிந்த தப்பை மட்டும்தான் சொல்லலாம். புத்தகத்தில் படித்தேன், இணையத்தில் பார்த்தேன் என்றால் செல்லாது. சொன்னவரைத் தவிர இன்னொருவரும் தன் கண்ணால், காதால் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் நோட்டில் தப்பு என்று ஏறும். இல்லாவிட்டால் நிலுவை.

அந்தச் சட்டத்தில் நீயே மாட்டிக்கொண்டு முழித்ததை மறக்க முடியுமா? சோழர் காலப் படம் ஒன்றில் மாலுமி ஒருவன் கப்பல் ஓட்டப் பெரிய மரச் சக்கரத்தைச் சுற்றினான். அந்தக் காலத்தில் அந்தச் சக்கரமே கிடையாது, கையால் பிடித்துத் திருப்புகிற சுக்கான்தான் என்று உனக்குத் தெரியும். நாற்காலியில் புழுவாய் நெளிந்தாய். ஆனால் அது நீ படித்தது, தொட்டது இல்லை. "நிறுத்தச் சொல்லேன் பாப்போம்" என்று செல்வராசு சீண்டினான். நீ பல்லைக் கடித்துக்கொண்டு படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாய். சட்டம் போட்டவனே சட்டத்துக்கு அடங்கியதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு நம் சபை மேல் மரியாதை வந்தது.

என் கணக்கிலும் சாதனை உண்டு. மூன்று நாள் விடாமல் சண்டை போட்ட கப்பலில், அதிகாரியின் வெள்ளை பேன்ட்டில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்ததைப் பிடித்தது நான். செல்வராசு, நீர்மூழ்கிக்கு லாரி இஞ்சின் சத்தத்தைப் போட்டிருந்ததைப் பிடித்தான். இடது கையில் இருந்த கட்டு அடுத்த காட்சியில் வலது கைக்குப் போனதை அக்கா பிடித்தார். "நர்ஸுக்குத் தெரியாம கட்டு நடந்து போயிடுமா?" என்று அன்றைக்கு முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது. நமக்குள் சண்டை மூட்டிய படம்.

தூரத்தில் ஒரு கப்பல், நீர்மூழ்கியைக் கொல்லப் பீப்பாய்க் குண்டுகளைக் கடலுக்குள் உருட்டிவிடுகிறது. அவை ஆழத்தில் போய் வெடிக்கும். அதை வேறொரு கப்பலின் மேல்தளத்தில் நின்று கேப்டன் பார்க்கிறார். பக்கத்து மேஜையில் டீக் கோப்பை. தண்ணீர் மலையாக எழுகிறது, அந்த நொடியே பெரிய சத்தம், அதற்குப் பிறகு கோப்பை தடதடவென்று ஆடுகிறது.

"நிறுத்து" என்றாய். குரலே வேறு மாதிரி இருந்தது.

"எல்லாம் தலைகீழா இருக்கு. கோப்பைதான் முதல்ல ஆடணும். சத்தம் கடைசிலதான் வரணும். நான் வெடி வச்சா என் டிபன் பாக்ஸ் மூடிதான் முதல்ல கிடுகிடுங்கும். கால் சொன்னப்பறம்தான் காதுக்குத் தெரியும். பூமிக்குள்ள வேகமா வரும், காத்துல மெதுவா வரும்."

நான் விடவில்லை. "அது கல்லுண்ணே. இது தண்ணி. தண்ணி எல்லாத்தையும் முழுங்கிடும். கல்லுல வேலை பாத்தவன் கடலப் பத்திச் சொன்னா எப்படிச் செல்லும்?" என்றேன். உன் சட்டத்தையே உன் மேல் வீசினேன். செல்வராசு கைதட்டினான். "சரி. தண்ணியிலயே காட்றேன்" என்றாய்.

தை மாதம், ஏரி நிறையத் தண்ணீர். மதகுப் பக்கம் செல்வராசு ஒரு தண்டவாளத் துண்டைப் பாதி தண்ணீரில் முங்கும்படி நட்டுவிட்டு, சம்மட்டியோடு நின்றான். நீ எதிர்க் கரையில் இறங்கிப் பக்கவாட்டில் படுத்தாய். ஒரு காது தண்ணீருக்குள், ஒரு காது வெளியே. செல்வராசு ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியிலேயே நீ துள்ளி எழுந்தாய்.

"ரெண்டு கேக்குது! ஒரே அடிதான் அடிக்கிறான், ரெண்டு கேக்குது! தண்ணிக் காதுல முதல்ல, வெளிக் காதுல அப்பறம்! மலரு, வந்து கேளு!"

இரண்டாவது சாட்சி நான்தான். மறுத்துப் பேசியவள் நான், சோதித்துப் பார்க்க வேண்டியவளும் நான். ஆனால் துணி துவைக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு நான் ஜாக்கெட் தைத்துத் தர வேண்டியிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போண்ணே. தலை நனைஞ்சா கடைக்கு எப்படிப் போறது? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கரையேறினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் உன் பேருக்கு நேராக நிலுவை என்று எழுதியதும் இந்தக் கைதான்.

ஒரு விஷயம் இன்றுவரை சொல்லவில்லை அண்ணே. அன்றைக்கு நான் உன்னை நம்பாமல் இல்லை. உன் முகத்தைப் பார்த்ததுமே நம்பிவிட்டேன். நான்கு பேர் சிரிப்பார்களே என்றுதான் தண்ணீரில் இறங்கவில்லை. அது உனக்குத் தெரிந்திருந்ததா?

நாளைக்கு என்றது தள்ளிக்கொண்டே போய், சித்திரையில் ஏரி வெடிப்பு விட்டுக் கிடந்தது. "மழை வரட்டும், உன் காதப் புடிச்சுத் தண்ணியில அமுக்குறேன்" என்று சிரித்தாய். ஆடி மாதம் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அண்ணி தண்ணீர் கொண்டு வருவதற்குள் நீ இல்லை.

மறுநாள் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தோம். தலைமாட்டில் விளக்கு, பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். மத்தியானம் சுரங்கத்தில், வெடிக்கு முன்னால் ஊதுகிற சங்கு ஊதியது. அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் நானும் செல்வராசும் அக்காவும் மட்டும் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டுச் சொம்பையே பார்த்தோம். தண்ணீர் முதலில் நடுங்கியது. அப்புறம்தான் வெடிச் சத்தம் வந்தது. பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அதற்குப் பிறகு அந்த நிலுவை என்னைத் தூங்கவிடவில்லை. நோட்டில் உன் பேரில் பாக்கி இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீ ஜெயித்தவை.

ஐப்பசியில் செல்வராசு ஒரு சேதி கொண்டுவந்தான். வேப்பந்தட்டையில் மோட்டார் ரிப்பேருக்குப் போன இடத்தில், நிலத்துக்காரர் கடற்படையில் இருந்தவராம். பேர் தங்கவேல். பல வருடம் போர்க்கப்பலில் இருந்துவிட்டு வந்து இப்போது மக்காச்சோளம் போடுகிறார். மறுநாளே நான் கடையைச் சாத்திவிட்டுப் பெரம்பலூர் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து அவர் வயலில் போய் நின்றேன்.

தையல்காரி ஒருத்தி டீக் கோப்பையைப் பற்றிக் கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்றதும் முதலில் சிரித்தார். காட்சியை முழுவதும் சொல்லி, நீ சொன்னதையும் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த கதிரைக் கீழே வைத்தார்.

"பயிற்சிக்கு அந்தக் குண்டு போடுவாங்கம்மா. தூரத்துல போடுவாங்க. மேல்தளத்துல நின்னா, ஷூவுக்கு அடில யாரோ உதைச்ச மாதிரி இருக்கும். சத்தம் அப்பறம் சாவகாசமா வரும். கீழ இஞ்சின் ரூம்ல இருந்தா மட்டும் வேற. அங்க காலு, காது எல்லாம் ஒண்ணுதான். இரும்புச் சுவத்துல சம்மட்டி போட்ட மாதிரி இருக்கும்."

பிறகு கேட்டார்: "உங்கண்ணன் எந்தக் கப்பல்ல இருந்தாரு?"

அண்ணே, இந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும். கடலில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர், நீ கப்பலில் இருந்தவன்தான் என்று முடிவே கட்டிவிட்டார். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"எந்தக் கப்பல்லயும் இல்லீங்க. கடல்ல காலே நனைச்சதில்ல. ரெட்டிபாளையம் பக்கம் மைன்ஸ்ல வெடி வச்சவரு."

அவர் கையை நீட்டினார். "நோட்டக் குடுங்கம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கடையில் ஒரே ரகளை. "அதான் கப்பல்காரரே சொல்லிட்டாருல்ல, எழுதிட்டுப் போ மலரு" என்றார் அக்கா. செல்வராசுவும் அதையே சொன்னான்.

"அவரு மூணாவதா போடட்டும் அக்கா. ரெண்டாவது இடம் என்னுது" என்றேன். எனக்கு முந்தி வேறு யாரும் உனக்குச் சாட்சி சொல்லக்கூடாது என்று ஒரு பிடிவாதம். அது உன்னிடமிருந்து வந்ததுதானே?

போன ஞாயிறு காலை ஏரிக்குப் போனோம். மதகுப் பக்கம் செல்வராசு, அதே தண்டவாளம், அதே சம்மட்டி. பக்கத்தில் தங்கவேல் சார், அடிக்கும் முன்னால் பச்சைத் துண்டைத் தூக்கிக் காட்ட. எதிர்க் கரையில் நான். அக்கா முட்டளவு தண்ணீரில் நின்று என் முதுகைத் தாங்கிக்கொண்டார். அண்ணி கரையில் உட்கார்ந்திருந்தார். துவைக்கிற பெண்களும் இருந்தார்கள். அவர்கள் எங்கே போவார்கள்?

"என்னா மலரு, புது மாதிரி குளியலா இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கண்ணன் கேஸு, வாய்தாவுக்கு வந்திருக்கேன்" என்றேன்.

பின்னலை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில், நீ படுத்த மாதிரியே படுத்தேன். தண்ணீர் காதுக்குள் சில்லென்று புகுந்தது. துண்டு உயர்ந்தது. முதல் அடியில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதில் சந்தேகமாக இருந்தது. சந்தேகத்தோடு கையெழுத்துப் போட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். "இன்னொண்ணு" என்று கையைக் காட்டினேன்.

மூன்றாவது அடி. தண்ணீருக்குள் இருந்த காதில், கத்தரிக்கோலை வெறுமனே மூடினால் கேட்குமே, அந்த மாதிரி சின்னதாக, கூர்மையாக, டிக். அதற்குப் பிறகுதான் வெளிக் காதில் ணங் என்று வந்தது. மறுபடியும் அடிக்கச் சொன்னேன். டிக், ணங். இன்னொன்று. டிக், ணங். ஒரே ஒரு சம்மட்டி, ஒரே ஒரு அடி.

"ரெண்டு கேக்குது!" என்று கத்தினேன். நீ கத்தியது மாதிரியேதான் கத்தினேனாம், அண்ணி சொல்கிறார். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி நேராகத் தண்ணீருக்குள் வந்துவிட்டார். "தள்ளு, அந்த மனுசன் என்னாதான் கேட்டாருன்னு நானும் கேக்கறேன்."

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அண்ணி கேட்டார், அக்கா கேட்டார், துவைத்துக்கொண்டிருந்த நாலு பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து ஏரியில் காதை வைத்துப் படுத்தார்கள். "ஆமாடி, ரெண்டு!" என்று கரையெல்லாம் சத்தம். அந்தப் பக்கம் செல்வராசுவுக்குக் கை மரத்துப்போய்விட்டது. அன்றைக்கு வெட்கப்பட்டு நான் யாருக்காகத் தண்ணீரில் இறங்கவில்லையோ, அவர்களே உனக்குச் சாட்சியாக நின்றார்கள்.

நிலுவை என்பதை அடித்துவிட்டுத் தப்பு என்று எழுதினேன். முதல் சாட்சி நீ, கலியபெருமாள். இரண்டாவது நான், மலர்க்கொடி. மூன்றாவது தங்கவேல் சார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே இஞ்சின் ரூம் விஷயத்தையும் தனியாக ஒரு வரி எழுதினார். மேல்தளத்தில் நீ சொன்னது சரி. கீழே தண்ணீர் மட்டத்துக்குக் கீழ் இருப்பவனுக்கு மட்டும் காலும் காதும் சேர்ந்தே அறியும். அது உனக்கும் தெரியாதது. சண்டை போட இன்னொரு விஷயம் கிடைத்தது என்று நீ சந்தோஷப்பட்டிருப்பாய்.

ஈரத் தலையோடுதான் கடைக்குப் போனேன். ஜாக்கெட் வாங்க வந்த டீச்சரம்மா, "என்ன மலர், இப்படி நனைஞ்சிருக்கே?" என்று கேட்டார். கதை முழுவதையும் சொன்னேன். அரை மணி நேரம் நின்று கேட்டார். உன்னைப் பற்றி அத்தனை பெருமையாக நான் வெளி ஆளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நீ இருக்கும்போது எப்படி விட்டுவிட்டேன்?

இன்னொரு சேதியும் உண்டு. அண்ணி போன மாதமே சபையில் சேர்ந்துவிட்டார். உன் நாற்காலி அவருக்குத்தான். சேர்ந்த புதிதில் ஒரு படத்தில் கப்பல் சமையல்காரன் மூட்டை வெங்காயத்தை உரித்துக்கொண்டே ஊர்க் கதை பேசினான். அண்ணிதான் வெங்காய சீசனில் கூலிக்கு உரிக்கப் போகிறவராயிற்றே, சும்மா இருப்பாரா? "நிறுத்து! அத்தன வெங்காயம் உரிக்கிறவன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அவன் உரிச்சதே இல்ல!" என்றார். செல்வராசுவை உட்காரவைத்து ஒரு கூடை வெங்காயம் உரிக்கச் செய்தோம். அவன் அழுத அழுகையில் அன்றைக்கே கையெழுத்து விழுந்துவிட்டது.

வருகிற ஞாயிறு அந்தப் படத்தை மறுபடியும் போடுகிறோம். தங்கவேல் சார் வருகிறார், ஏரிக்கரைப் பெண்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். ஷட்டரை முழுவதும் தூக்கிவிடப் போகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணே. கேப்டன் கடலைப் பார்ப்பார், பக்கத்தில் டீக் கோப்பை அசையாமல் இருக்கும், தண்ணீர் எழும்பும். அந்த இடத்தில் வேறு யாரையும் முந்தவிட மாட்டேன். நான்தான் எழுந்து நின்று "நிறுத்து" என்பேன். யார் சொன்னது என்று கேட்டால், எங்கண்ணன் சொன்னது, நான் என் காதால் கேட்டது என்பேன்.

இப்படிக்கு,
உன்னை எதிர்த்துப் பேசியவளும் உன் இரண்டாவது சாட்சியுமான
உன் தங்கச்சி மலரு